பாதி வாடகை

சவரிராயன் பிரான்சுக்குப் போகப்போகிற சேதி சம்பா கோவில் வாசலில் ஞாயிறுக்கு ஞாயிறு வளர்ந்தது. முதல் வாரம் பூசை முடிந்து வெளியே வந்ததும், மர்சேயில் ஒரு ஒப்பித்தாலில் வேலை கிடைத்திருப்பதாக அவரே நாலு பேரிடம் சொன்னார். அதில் பொய் கிடையாது. ஒப்பித்தால் என்றால் ஆஸ்பத்திரிதான். பிரெஞ்சில் சொன்னால் கட்டடம் இன்னும் இரண்டு மாடி உயர்ந்துவிடும், அவ்வளவே. அடுத்த வாரம், உங்களுக்குக் கீழே எத்தனை ஆட்கள் என்று ஒருவர் கேட்டபோது அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அவர் இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தார். எதை மேற்பார்க்கிற இன்ஸ்பெக்டர் என்று கேட்க ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அவர் மனைவி ரோசாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். வேலையைப் பார்த்துக் கொடுத்தவன் அவளுடைய பெரியப்பா மகன் அல்போன்ஸ். அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நோயாளிகளின் படுக்கைத் துணியைப் பிரித்து, வெந்நீர்த் தொட்டியில் போட்டு அலசி, உலர்த்தி, மடித்துக் கொடுக்க வேண்டும். கப்பல் செலவையும் அல்போன்ஸே கடனாகத் தந்திருந்தான். வருகிற சம்பளத்தில் முதலில் அந்தக் கடன் கழியும். மிச்சத்தில் சவரிராயன் அங்கே சாப்பிட வேண்டும். அதிலும் மிஞ்சினால் இங்கே ரோசாவும் இரண்டு பெண்களும் சாப்பிட வேண்டும்.

போகாமல் இருக்கவும் வழியில்லை. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நான்கு வருடமாகியிருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சவரிராயன் ஓர் அலுவலகத்தில் கொமி, அதாவது குமாஸ்தா. அவர் எழுதுகிற பிரெஞ்சைத் துரைமார்களே திருத்தமாட்டார்கள். இப்போது காகிதங்கள் இங்கிலீஷில் வந்தன. அவருக்கு நாற்காலி இருந்தது, மேசை இருந்தது, மேசைமேல் மைக்கூடும் இருந்தது. எழுதத்தான் ஒன்றும் இல்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவர் வந்தாரா என்று யாரும் கேட்கவுமில்லை. நாற்பத்தைந்து வயதில் அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடத் துணி வெளுப்பது மேல் என்று அவர்தான் முதலில் சொன்னார். ரோசாவிடம் மட்டும் சொன்னார்.

செலவுக் கணக்கு கடைசியில் வாடகையில் வந்து நின்றது. கோவிலுக்குப் பின்புறத் தெருவில் ஓட்டு வீடு, முன்னறையும் உள்ளறையும், கிணறுள்ள முற்றம். மாதம் நாற்பது ரூபாய். அதைக் குறைத்தால்தான் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் ஓடும். ஒரு நாள் சவரிராயன் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டே, வீட்டுக்காரியிடம் பேசி வாடகையைக் குறைக்கச் சொல்லும்படி மனைவியிடம் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"நமக்கு முடியலைன்னு மட்டும் அவ நெனச்சிடக் கூடாது."

"முடியுதுன்னா அவங்க ஏன் கொறைக்கணும்?" என்று கேட்டாள் ரோசா.

"அத நீதான் பக்குவமா சொல்லணும்" என்றார் அவர்.

வீட்டுக்காரி பச்சையம்மாள் வைத்திக்குப்பத்துக்காரி. இளம் வயதில் தலையில் கூடை வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்றவள். புருஷன் இறந்த பிறகு பெரிய மார்க்கெட்டில் கருவாடு மொத்த வியாபாரம் தொடங்கினாள். சைகோனுக்குப் போனவர்கள், பிரான்சுக்குப் போனவர்கள் அவசரத்துக்கு விற்ற வீடுகளில் மூன்றை வாங்கிப் போட்டாள். எதிலும் அவள் குடியிருக்கவில்லை. கடல் சத்தம் இல்லாத இடத்தில் தூக்கம் வராது என்பாள். ஒவ்வொரு மாதமும் அவளே நேரில் வந்து, முற்றத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து காப்பி குடித்து, வாடகை வாங்கிக்கொண்டு போவாள். வாசலிலிருந்தே "ஏ ரோசா" என்று கூப்பிடுவது வழக்கம். இன்ஸ்பெக்டர் சேதி மார்க்கெட்டை எட்டிய நாளிலிருந்து அவளை "மதாம்" என்றும் அவள் புருஷனை "முசே" என்றும் சொல்ல ஆரம்பித்தாள். அந்த மரியாதை வாடகையைக் குறைக்க உதவாது என்று ரோசாவுக்குத் தெரிந்தது.

முதல் தடவை ரோசா மார்க்கெட்டுக்கே போனாள். கருவாட்டுக் குவியல்களுக்கு நடுவில் பச்சையம்மாள் ஒரு பலகைமேல் உட்கார்ந்து, கூலிக்காரன் ஒருவன் மூட்டை தூக்குவதைக் கண்ணாலேயே நிறுத்துக்கொண்டிருந்தாள். ரோசா வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவர் போய்விட்டால் முன்னறை சும்மா கிடக்கும். அவர் படிக்கவும் எழுதவும் வைத்திருந்த அறை. பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை. அந்த அறையை விட்டுக்கொடுத்துவிடுகிறோம், அதற்குத் தக்கபடி வாடகையைக் குறைத்துக்கொண்டால் போதும் என்றாள்.

பச்சையம்மாளுக்கு அது நியாயமாகவே பட்டது. மழைக்காலம் வருகிறது, சரக்கு வைக்க இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முன்னறையில் சுறாவும் நெத்திலியும் கூடை கூடையாக அடுக்கிக்கொண்டால் பத்து ரூபாய் தாராளமாகக் குறைக்கலாம், நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றாள். கோவிலுக்குப் போகிறவர்களெல்லாம் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். இன்ஸ்பெக்டர் வீட்டு ஜன்னலிலிருந்து சுறாக் கருவாடு வாசம் வருவதை ரோசா ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

இரண்டாம் தடவை, வாடகை வாங்க வந்த பச்சையம்மாளுக்குக் காப்பியில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்து, வேறு பக்கமாகப் பேச்சை எடுத்தாள். இந்தத் தெருவிலேயே மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள், இனி இந்தப் பக்கம் குடி வருவதற்கு ஆளே கிடைக்காது, ஊரெங்கும் வாடகை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அடுக்கினாள்.

பச்சையம்மாள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பூட்டிக் கிடக்கிற அந்த வீடுகளுக்கும் வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது என்றாள். பிரான்சிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் ஊரில் ஒரு வீடு இருக்கட்டும் என்று வெறும் சுவருக்கு வாடகை கொடுக்கிறார்கள். அதையெல்லாம் பார்த்து, தானே மதாமிடம் ஒன்று கேட்க வேண்டுமென்று இருந்ததாகவும் சொன்னாள்.

"முசே அங்க போயி சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் ஒரு அஞ்சு ரூவா சேத்துக் குடுங்க மதாம். உங்க கௌரதைக்கு நாப்பது ரூவா வீடுன்னு சொன்னா நல்லாவா இருக்குது?"

குறைக்கக் கேட்கப் போய், வாடகை கூடிய கதையை ரோசா புருஷனிடம் சொன்னாள்.  அந்தப் பொம்பளை மனிதர்களை எடைபோடத் தெரிந்தவள் என்றார் அவர். அவர் குரலில் கவலையைவிட வேறு ஏதோ இருந்தது. அது திருப்தி என்று கண்டுகொண்டபோது ரோசாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அன்றைக்குத்தான் அவர் தைக்கக் கொடுத்திருந்த கோட்டும் வந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தோள்பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் எதற்குக் கோட்டு என்று அவள் கேட்கவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு நடந்தாள்.

பச்சையம்மாள் வீட்டு வாசலில் அவள் ஒரே மகன் பாலகுரு கைக்கண்ணாடியைச் சன்னல் கம்பியில் சொருகி வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். இருபத்துநாலு வயது. கடலுக்குப் போனால் வாந்தி வருகிறதென்றும், மார்க்கெட்டுக்குப் போனால் சட்டையில் வாடை பிடிக்கிறதென்றும் சொல்லி, இரண்டுக்கும் போகாமல் சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிற பிள்ளை. அம்மா அவனைச் சோடா வாங்கி வர அனுப்பினாள். அவன் தெருமுனை திரும்பினதும் ரோசா மூச்சு விடாமல் சொன்னாள்.

"அக்கா, அவரு இன்ஸ்பெக்டரு இல்ல. ஆஸ்பத்திரியில துணி வெளுக்கப் போறாரு. ரத்தமும் சீழும் பட்ட துணி. கப்பல் காசுகூட கடன்தான். நீங்க வாடகைய கொறைச்சாதான் நானும் பிள்ளைங்களும் அந்த வீட்டுல இருக்க முடியும். இதான் நெசம்."

சொல்லி முடித்ததும் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.  பச்சையம்மாள் வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். சுண்ணாம்பு தடவினாள். மடித்து வாயில் போட்டு ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"முசேகிட்ட எத்தினி பேரு வந்து கேட்டாங்க, எம் மவனுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுங்கன்னு?"

ரோசா யோசித்தாள். கேட்டவர்கள் இருந்தார்கள்தான். எதிர்வீட்டுக்காரர் தன் மருமகனுக்குக் கேட்டார். கோவில்பிள்ளை தன் தம்பிக்குக் கேட்டார். நிறையப் பேர் கேட்டார்கள் என்றாள்.

"அதான். அவங்களுக்குச் சொல்றதுக்காக வெச்சிருக்கற கதைய எங்கிட்ட வந்து சொல்றீங்க. நானும் யாவாரம் பண்றவதான் மதாம். வலை நெறைஞ்சி வந்த அன்னிக்குத்தான் வீட்டுல அடுப்பு எரியலன்னு சொல்லுவேன்."

ரோசா மாதாவின்மேல் சத்தியம் செய்தாள். அது பச்சையம்மாளின் சிரிப்பை இன்னும் பெரிதாக்கியது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தெருமுனையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். சவரிராயன் அங்கே போய்ச் சேர்ந்ததும் அதே ஆஸ்பத்திரியில் பாலகுருவுக்கு ஓர் இடம் பார்க்க வேண்டும்; அப்படியென்றால் அடுத்த மாதத்திலிருந்தே பாதி வாடகை கொடுத்தால் போதும். டிக்கெட்டு, துணிமணி எல்லாம் அவள் செலவு. அவன் பிறந்தபோது ஊரில் பறந்தது பிரெஞ்சுக் கொடிதான் என்பதால் காகிதம் வாங்குவதிலும் சிக்கல் இல்லை.

"அக்கா, நான் சொல்றது சத்தியமா நெசம். அங்க துணி வெளுக்குற வேலைதான் இருக்கும்."

"இருக்கட்டும். துணி வெளுக்குற எடமா இருந்தாலும் எம் மவனுக்கு ஒரு எடம். ஆனா இந்தக் கதைய அவங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

பாலகுரு சோடா கொண்டுவந்தான். ரோசா அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. உண்மையைச் சொல்லி, அதை நம்பாத ஒருத்தியிடம் பாதி வாடகை வாங்கிக்கொண்டு போகிறாள். இது பாவத்தில் சேருமா, சேராதா என்று கோவிலைத் தாண்டும்போது யோசித்தாள். பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தத் தலைப்பில் சொல்வது என்று தெரியாததால் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

வீட்டில், பச்சையம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவள் சொன்னதும் சவரிராயன் கோட்டோடு அப்படியே நாற்காலியில் சரிந்தார். ஊரே சிரிக்கப்போகிறது, இனி எப்படிப் பூசைக்குப் போவது என்றார்.

"அவங்க நம்பல" என்றாள் ரோசா.

அவர் தலையை நிமிர்த்தினார். "நம்பலையா?"

"கொஞ்சங்கூட நம்பல. பாதி வாடகை போதும்னுட்டாங்க. பாலகுருவுக்கு நீங்க வேலை வாங்கிக் குடுக்கணுமாம்."

சவரிராயன் எழுந்து கோட்டின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். நம்பமாட்டாள்தான், ஆளைப் பார்த்தாலே தெரியாதா என்றார். பாலகுரு விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம், உடனே எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். அதைச் சொன்ன தோரணையில், அல்போன்ஸ்தான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருப்பானோ, இவர் உண்மையிலேயே இன்ஸ்பெக்டர்தானோ என்று ரோசாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அவர் கிளம்பிய நாளில் ரயிலடிக்கு ஊரில் பாதி வந்தது. ரயிலில் மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், பம்பாயில் கப்பல். பச்சையம்மாள் சாமந்தி மாலையோடு வந்திருந்தாள். பாலகுரு, கடந்த சில வாரங்களாகச் சாயங்காலம் வந்து அவரிடம் பிரெஞ்சு கற்றுக்கொண்டவன், "ஒர்வுவார் முசே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். ரயில் நகர்ந்த பிறகு மற்றவர்கள் கலைந்தார்கள். ரோசா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோட்டுக்குள் அவர் எவ்வளவு ஒல்லியாகத் தெரிந்தார் என்பதுதான் அவளுக்கு நினைவில் நின்றது.

அங்கிருந்து அவர் துறைமுகத்தைப் பற்றியும் குன்றுமேல் இருக்கிற மாதா கோவிலைப் பற்றியும் எழுதினார். ரொட்டி நீளத்தைப் பற்றி எழுதினார். வேலையைப் பற்றி எழுதவில்லை. குளிரில் கை வெடிக்கிறது, விளக்கெண்ணெய் அனுப்பு என்று ஒரு தடவை கேட்டிருந்தார். வெடிப்பு குளிரால் வருவதல்ல என்று ரோசாவுக்குத் தெரியும். எண்ணெயை அனுப்பிவிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொள்ளச் சொல்லிப் பதில் எழுதினாள்.

பாலகுருவை அனுப்பலாம் என்று சவரிராயன் ஒரு வரி எழுத, அடுத்த மழைக்காலம் முடிந்து அவனும் கப்பலேறினான். அன்றிலிருந்து ரோசாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போய் இறங்குவான். தொட்டியைப் பார்ப்பான். சட்டையில் மீன் வாடை பிடிக்கும் என்று மார்க்கெட்டுக்கே போகாத பிள்ளை, சீழ்த் துணியைக் கையால் எடுப்பானா? அம்மாவுக்கு எழுதுவான். அவள் வந்து வாசலில் நின்று கத்துவாள். கோவில் விட்டு வருகிற கூட்டம் முழுக்க நின்று கேட்கும். ரோசா பெரிய மார்க்கெட்டுப் பக்கம் போவதை நிறுத்தினாள்; தெருவில் வருகிற கூடைக்காரியிடம் விலை கூட என்றாலும் மீன் வாங்கினாள். வாடகையை மூத்த பெண் லூர்துசெல்வியிடம் கொடுத்து அனுப்பினாள். ஒரு நாள் ரெட்டியார்பாளையத்துக்கு பஸ் ஏறிப் போய் ஒரு வீடுகூடப் பார்த்துவிட்டு வந்தாள். ஒற்றை அறை, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்போல இருந்தது. முன்பணம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் பச்சையம்மாள் வந்தாள். வாசலில் நின்று கத்தவில்லை. நேராக அடுக்களைக்கே வந்து, தாமரை இலையில் சுற்றிய வஞ்சிர மீனை அம்மியருகே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பாலகுருவுக்கு வேலை ஆயிடுச்சி ரோசா. முசே நிக்கிற தொட்டிக்குப் பக்கத்துத் தொட்டியாம்."

ரோசாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். உங்களுக்கு எப்போது தெரியும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீதானே வந்து சொன்ன. மாதா மேல சத்தியம்கூடப் பண்ணியே."

"நம்பலன்னு சொன்னீங்களேக்கா."

 பச்சையம்மாள் மீன் இலையைப் பிரித்து, செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே விளக்கினாள். அன்றைக்கு நம்புகிறேன் என்று சொல்லியிருந்தால் ரோசா அங்கேயே அழுதிருப்பாள்; வாடகையைக் குறைத்தால் பிச்சை மாதிரி இருந்திருக்கும்; பாலகுருவும் சோடா வாங்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கேட்டிருப்பான். துணி வெளுக்கப் போடா என்றால் அவன் தெருமுனைகூடத் தாண்டமாட்டான். இன்ஸ்பெக்டர் முசேயிடம் வேலை என்றதால்தான் கப்பலேறினான். போய்ச் சேர்ந்த முதல் வாரமே, திரும்பி வருகிறேன் என்று எழுதினானாம்.

"டிக்கெட்டு எங்க இருக்குதுன்னு கேட்டேன். ஒரு வழிக்குத்தானே எடுத்துக் குடுத்தேன். இப்ப என்னான்னா, சூட்டுல மடிக்கிற மிசினு ஒண்ணு இருக்குதாம், அதுல நிக்க வுட்டாங்கன்னு சந்தோசமா எழுதறான்."

ரோசாவுக்கு உடம்பெல்லாம் இலேசானது. இவ்வளவு நாள் பட்ட பயத்தை நினைத்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. மீனுக்கு மிளகாய் அரைக்க உட்கார்ந்தாள். அம்மிக் குழவியைக் கையில் எடுக்கும்போது பச்சையம்மாள் இன்னொன்றும் சொன்னாள்: வருகிற மாதத்திலிருந்து பழைய வாடகையே கொடுத்துவிட வேண்டும்.

ரோசா நிமிர்ந்து பார்த்தாள். பச்சையம்மாள் முகத்தில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. மூட்டை எடைபோடுகிறபோது இருக்கிற முகம். மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று பாதி வாங்கினேன், கிடைத்துவிட்டது, இனி ஏன் பாதி என்பது அவள் கணக்கு. அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ரோசா மிளகாயை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"நோணாங்குப்பத்துலேர்ந்து வந்தாங்கக்கா" என்றாள், அரைப்பதை நிறுத்தாமலே.

யார் வந்தது என்று பச்சையம்மாள் கேட்டாள்.

படகுக்காரர் வைத்திலிங்கத்தின் பெண்சாதி ராஜாம்பாள் என்றாள் ரோசா. அவர்கள் பெண் சந்திரகலாவைப் பாலகுருவுக்குப் பேசியிருக்கிறார்களாமே. அந்த அம்மாள் போன வாரம் வந்து, இதே இடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை, முசேக்கு நேர் கீழேயா என்றெல்லாம் விசாரித்தாள். அவருக்கு எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன், திரும்ப வருவார்கள்.

ரோசா குழவியை இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள்.  இப்படி ஒரு பேச்சைத் தன் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. மிரட்டுவதுபோல ஒரு சொல்கூட அதில் இல்லை என்பதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைத்தான் சொன்னாள். உண்மை சொல்லியே வாடகை பேசிப் பழகிவிட்டது.

"என்னா சொல்லப் போற?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

"ஒப்பித்தால்ல வேலைன்னு சொல்லுவேன். அது நெசம்தானே. அதுக்கு மேல கேட்டா, எனக்கென்னக்கா தெரியும்? நான் பாதி வாடகைக்குக் குடியிருக்கறவ."

 மீனை நீ நறுக்காதே, உனக்குத் துண்டு போடத் தெரியாது என்று பச்சையம்மாள் அரிவாள்மணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று இருவரும் சேர்ந்துதான் குழம்பு வைத்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, வாடகை எவ்வளவு என்று ரோசா கேட்கவில்லை, பச்சையம்மாளும் சொல்லவில்லை. அடுத்த மாதம் லூர்துசெல்வி இருபது ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பச்சையம்மாள் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் அடுத்த தை மாதத்தில் நடந்தது. பாலகுரு விடுப்பில் வந்து, சந்திரகலாவுக்குத் தாலி கட்டி, கோட்டோடு படம் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனான். அவன் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்து நோணாங்குப்பமே வியந்தது. அந்தப் பெண்ணுக்கு அங்கே போன பிறகு எல்லாம் தெரிந்திருக்கும். அவளும் ஊருக்கு எழுதியபோது கடலையும் ரொட்டியையும் பற்றித்தான் எழுதினாளாம்.

அறுபத்திரண்டாம் வருடத் தொடக்கத்தில் சவரிராயன் கடனை எல்லாம் அடைத்துவிட்டு, மனைவியையும் பெண்களையும் வரச் சொல்லி எழுதினார். ரோசா பாத்திரங்களை விற்றாள், சிலவற்றைக் கொடுத்தாள், மிச்சத்தைப் பெட்டியில் கட்டினாள். கட்டிக்கொண்டிருந்த நாளிலேயே பச்சையம்மாள் வீட்டைக் காட்ட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுப்பிரமணியன் என்று விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார். கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், வாடகை என்னவென்று கேட்டார்.

அறுபது என்றாள் பச்சையம்மாள்.

அவர் திடுக்கிட்டார். பக்கத்து வீடு நாற்பத்தைந்துதானே என்றார்.

"அது வெறும் வீடு வாத்தியாரே. இது ராசியான வீடு. இதுல இருந்த முசே பிரான்சுல ஒப்பித்தால்ல பெரிய வேலை. எம் மவனையும் கூட்டிக்கிட்டு போயி ஆளாக்கினாரு. இப்ப குடும்பமே கப்பல் ஏறுது. மதாம் இங்கதான் நிக்கிறாங்க, கேட்டுக்குங்க."

வாத்தியார் ரோசாவைப் பார்த்தார். ரோசா கையில் கயிற்றோடு பெட்டிமேல் குனிந்திருந்தாள். பச்சையம்மாளும் பார்த்தாள், அவள் கண்ணில் ஓர் இழை சிரிப்பு ஓடியது.

"ஓடு ஒழுகாதுங்க" என்றாள் ரோசா. "கிணத்துத் தண்ணி நல்லா இருக்கும்."

பேரம் கொஞ்ச நேரம் நடந்தது. ஐம்பது என்றார் வாத்தியார். தன் மனைவியும் வேலைக்குப் போகப்போகிறாள் என்றும், நல்ல குடும்பம் என்றும், நாங்கள் எல்லாம் படித்தவர்கள் என்றும் சொல்லிக்கொண்டே போனார். அவர் பெருமையாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பச்சையம்மாள் மரியாதையோடு தலையாட்டினாள், அறுபதிலிருந்து இறங்கவில்லை. அவள் வெற்றிலை எச்சில் துப்ப முற்றத்துக்குப் போன நேரத்தில் ரோசா கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வாத்தியார் அருகில் வந்தாள்.

"இன்னிக்கே ஒத்துக்காதீங்க சார். இன்னும் ரெண்டு தடவ வந்து பேசுங்க. நல்லா இருக்கோம்னு மட்டும் சொல்லாதீங்க."

வாத்தியார் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு பேனாக்களைச் சரிசெய்துகொண்டு, எனக்கு அதெல்லாம் கஷ்டமில்லைங்க மேடம் என்றார். பச்சையம்மாள் உள்ளே வந்தாள். அவர் முன்பணத்தை எடுத்து, எண்ணாமலே அவள் கையில் வைத்தார்.